சானமாவு சாலையில் சத்தமில்லாத வண்டி

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். புறப்படும் ஊரில் ஒரு குன்று, அதன் மேல் பழைய கோட்டை. மைசூர்ப் போரில் 1791-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது. ஆனால் இன்றைக்கு ராயக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை நினைவுக்கு வருவதில்லை, தக்காளி மண்டிதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து சாலை வடமேற்காகத் திரும்பி உத்தனப்பள்ளி வழியாக ஏறியும் இறங்கியும் போகிறது. இரு பக்கமும் தக்காளி, பீன்ஸ், சாமந்தி, ராகி. இடையிடையே வெள்ளைப் பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடமிளகாயும். பிறகு சானமாவு காடு. காட்டைத் தாண்டியதும் தொழிற்சாலைப் பேருந்துகள் எதிர்ப்படும். ஓசூர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியால்தான் இந்தப் பக்கம் கோஸும் ரோஜாவும் நன்றாக வருகின்றன. இந்த உயரத்துக்கும் இங்கே ஓடும் வண்டிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு, அதைப் பின்னால் பார்க்கலாம்.

வண்டி என்றால் இந்த வட்டாரத்தில் நீண்ட காலமாக டி.வி.எஸ். 50 தான். 1980-இல் ஓசூர் ஆலையில் உற்பத்தி தொடங்கிய அந்தச் சின்ன வண்டியும், அதன் வழிவந்த எக்ஸெல்லும் சுமக்காத சுமை கிடையாது. புல்லுக்கட்டு, பால் கேன், உர மூட்டை, சில நேரம் ஆட்டுக்குட்டி கூட. கடந்த சில ஆண்டுகளாகப் பச்சை நம்பர் பிளேட்டுடன் மின் ஸ்கூட்டர்களும் இந்தச் சாலையில் ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் அதைப் 'பேட்டரி வண்டி' என்கிறார்கள். நாட்டின் பெரிய மின் ஸ்கூட்டர் ஆலைகள் ஓசூரிலும், இதே மாவட்டத்தின் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் இருக்கின்றன. இங்கே செய்யும் வண்டி நாடு முழுக்கப் போகிறது. இங்குள்ள சின்ன விவசாயிக்கு அது ஒத்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பெண் விவசாயி. வயது நாற்பத்தைந்து இருக்கும். இரண்டரை ஏக்கர், ஒரு ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர். தக்காளி, பீன்ஸ், கொஞ்சம் சாமந்தி, வரப்போரப் பாத்திகளில் கீரையும் கொத்தமல்லியும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் கணவர் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். அதனால் சந்தைக்குப் போவது இவர்தான். வாரத்தில் ஆறு நாள் ஓசூர் உழவர் சந்தையில் கடை போடுகிறார். வீட்டிலிருந்து 21 கிலோமீட்டர், போய்வர 42.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இலவசப் பேருந்தை விட மலிவான வண்டி எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஆள் மட்டும் போய்வர அதுவே போதும். ஆனால் கீரைக்காரருக்கு நேரம் முக்கியம். விடிவதற்கு முன்பே ஓட்டல்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் வந்து மொத்தமாக வாங்கிப் போய்விடுவார்கள். முதல் பேருந்தைப் பிடித்து, மூட்டையை ஏற்றி இறக்கிப் போய்ச் சேர்ந்தால் அந்த வியாபாரம் முடிந்திருக்கும். சரக்கு டெம்போவில் போனால் ஒவ்வொரு மூட்டைக்கும் தனிக் காசு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளிர் குழுக் கடனில் பேட்டரி வண்டியை வாங்கியதற்கு இதுதான் காரணம். பெட்ரோல் விலையைக் கணக்குப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடம் தட்டையாக இருப்பது விவசாயிக்கு வசதி. 25 கிலோ தக்காளி கிரேட் ஒன்று அங்கே அப்படியே உட்காரும். பின் சீட்டில் இன்னொரு கிரேட், அதன் மேல் கீரைக் கட்டுச் சாக்கு. திரும்பி வரும்போது சில நாள் 45 கிலோ யூரியா மூட்டை. கீழே பேட்டரி இருப்பதால் வண்டியின் பாரம் அடியிலேயே நிற்கிறது, சுமையோடு திருப்பும்போது அவ்வளவாக ஆடுவதில்லை என்கிறார் அவர். யூரியா, உப்பு, பூஞ்சாணக் கொல்லி மருந்து எதுவானாலும் மூட்டைக்கு அடியில் ஒரு தார்ப்பாய்த் துண்டு போட்டுக்கொள்வது நல்லது. சிந்திய உரம் ஈரத்தில் கரைந்து இணைப்புகளை அரித்துவிடும். சந்தையிலிருந்து வந்ததும் போர் டெலிவரி பைப்பைப் பிடித்து வண்டியைக் கழுவுகிற பழக்கமும் வேண்டாம். மழையில் ஓட்டலாம், ஆனால் அந்த வேகத்தில் தண்ணீரைச் சார்ஜ் போடும் துவாரத்தில் அடிப்பது வேறு விஷயம். ஈரத்துணி போதும்.

வாங்கும்போது கடையில் சொன்னது 'ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர்'. இவருக்குக் கிடைப்பது 85. ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அந்த 120 என்பது சோதனை முறையில் வரும் எண். இரண்டு கிரேட்டோடு மேடு ஏறும் வண்டிக்கான எண் அல்ல. விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் மகசூல் எல்லார் தோட்டத்திலும் வருகிறதா? அதைப் போலத்தான் இதுவும். கடையில் சொல்லும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மீதித் தூரம் தன் தேவைக்குப் போதுமா என்று பார்த்து வாங்கினால் பின்னால் மனக்கசப்பு இருக்காது. இவருக்கு 42 போதும் என்பதால் 85 தாராளம்.

'லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்' என்று விற்கும் மலிவு வண்டிகளும் ஊர்ப்பக்கம் வருகின்றன. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் அந்தச் சலுகை. 250 வாட் என்பது ஒரு ஹெச்.பி.யில் மூன்றில் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்துக்கும் பால் சொசைட்டிக்கும் போய்வரச் சரி. உத்தனப்பள்ளி மேட்டில் இரண்டு கிரேட் தக்காளியோடு ஏறினால் பக்கத்தில் நடப்பவர் முந்திப் போய்விடுவார்.

இப்போது செலவு. இவருடைய வண்டியின் பேட்டரி 3 யூனிட் பிடிக்கும். போய்வர ஒன்றரை யூனிட் செலவாகிறது. சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்து வீட்டு மீட்டரில் ஒன்றே முக்கால் யூனிட் ஓடுகிறது. மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 88 யூனிட் கூடுகிறது. வண்டி வருவதற்கு முன் அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட்டுக்குள்தான் ஓடும். 100 யூனிட் வரை இலவசம் என்பதால் கட்டணமே கிடையாது. இப்போது 178 வருகிறது. கூடுதலான 78 யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 400 ரூபாய்க்குள். இதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டி என்றால் லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் இரண்டு மாதத்துக்கு 4,600 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 25,000 ரூபாய் மிச்சம் என்று சொல்லலாம். குழுக் கடன் தவணையை அந்த மிச்சத்திலேயே கட்டிவருகிறார்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வண்டி விலையில் பெரும் பங்கு பேட்டரிக்குத்தான். பல வண்டிகளில் உத்தரவாதம் '3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முந்தியோ அது' என்று இருக்கும். இவர் ஆண்டுக்கு 12,600 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மூன்று ஆண்டு ஆகும் முன்பே, இரண்டரை ஆண்டுக்குள் உத்தரவாதம் தீர்ந்துவிடும். தினமும் ஓட்டுகிற விவசாயி ஆண்டைப் பார்க்கக் கூடாது, கிலோமீட்டரைப் பார்க்க வேண்டும். இதைவிட நீண்ட உத்தரவாதம் உள்ள வண்டிகளும் கிடைக்கின்றன. அதற்காகச் சில ஆயிரம் கூடக் கொடுப்பது வீணல்ல. மிச்சமாகும் பணத்தில் பாதியையாவது பேட்டரிக்கென்று அஞ்சலகத்தில் போட்டுவைக்க வேண்டும். இவர் இன்னும் போடவில்லை. கேட்டால், "போன வருசம் பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸு, இந்த வருசம் டிரிப் பைப்பு" என்கிறார்.

சார்ஜ் போடும் இடம் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியில் சிலர் தோட்டத்து மோட்டார் ரூமில் வண்டியை நிறுத்தி, விவசாய இலவச மின் இணைப்பில் சார்ஜ் போடுகிறார்கள். 'நம்ம மோட்டார், நம்ம கரண்ட்' என்ற எண்ணம். அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். இரண்டு மாதத்துக்கு 400 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வம்பு எதற்கு? அந்த மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது போன்ற கொடுமை இதுவல்ல என்பது உண்மைதான். 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை.

வீட்டில் சார்ஜ் போடுவதற்கும் ஒழுங்கு வேண்டும். பம்பு மோட்டாருக்கு உப்பும் கரியும் கொட்டி எர்த் குழி போடும் விவசாயி, வீட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. இந்த அம்மா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சார்ஜர் செருகியிருக்கும்போது வண்டியைத் தொட்டால் லேசாக உதறும். வயர்மேனை அழைத்து எர்த் அடித்து, தனியாக ஒரு 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் வைத்த பிறகு அது நின்றது. காலை பத்தரை மணிக்கு வீடு திரும்பியதும் சார்ஜ் போடுவதில்லை. ஓடி வந்த பேட்டரி சூடாக இருக்கும். ஒரு மணி நேரம் நிழலில் விட்டு, களி தின்று முடித்த பிறகு செருகுகிறார். மாலைக்குள் எடுத்துவிடுகிறார். இரவு முழுக்கச் செருகிவிட்டுத் தூங்குவதில்லை. 2022-இல் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. புது வண்டிகளில் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் கிராமத்து வீட்டில் வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் மாட்டுக் கொட்டகை ஓரம், பக்கத்திலேயே ராகித் தாள் போர். அங்கே சார்ஜ் போடக் கூடாது. வாசல் திண்ணையோரம், சிமெண்ட் தரை, மேலே கூரை, சுற்றிலும் எரிகிற பொருள் இல்லாத இடம் வேண்டும். எலி இன்னொரு தொல்லை. தானிய மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திய வண்டியில் ஒரு முறை வயரைக் கடித்துவிட்டது.

இனி சானமாவு.

பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் இறங்கி வருகின்றன. அக்டோபர், நவம்பரில் ராகி பால்பிடித்துக் கதிர் முற்றும் நேரத்தில் சானமாவு, ஊடேதுர்க்கம் காடுகளில் வந்து தங்கும். பகலில் காட்டுக்குள் நிற்கும். இருட்டியதும் ராகிக் கொல்லைக்கு இறங்கி, விடியும் முன் திரும்பிப் போகும். ஓசூர்–ராயக்கோட்டைச் சாலை அந்தக் காட்டை ஊடுருவிப் போவதால் யானைக்கும் அதுதான் கடவு, கீரைக்காரருக்கும் அதுதான் பாதை. இருவரும் சாலைக்கு வருகிற நேரமும் ஒன்றுதான்.

பெட்ரோல் வண்டி வருவது காட்டுக்குள் வெகு தூரம் கேட்கும். பேட்டரி வண்டிக்கு டயர் உருளும் சத்தம் மட்டும்தான். முதல் ஆண்டு இதை யாரும் யோசிக்கவில்லை. நவம்பர் மாதம், அதிகாலை நாலேகால் மணி இருக்கும். பனி வேறு. ஒரு வளைவைத் திரும்பியதும் சாலையின் குறுக்கே கறுப்பாக ஏதோ நின்றது. பாறை லாரியோ என்று நினைத்திருக்கிறார். ஐம்பது அறுபது அடிக்குள் போன பிறகுதான் அது அசைந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு, நடுவில் ஒரு குட்டி.

அந்த யானைகளுக்கும் இவர் வந்தது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் நின்றது காதை விரித்துத் திரும்பியது. குட்டியோடு நிற்கும் யானையைத் திடுக்கிடச் செய்வதைப் போல ஆபத்து வேறில்லை. ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கை மினுக்கக் கூடாது என்று வனத்துறையினர் ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தது அந்த நேரத்தில் நினைவு வந்ததாம். வண்டியைத் திருப்ப முடியாது. முன்னும் பின்னும் 50 கிலோ சுமை, குறுகிய சாலை. திருப்பும்போது விழுந்தால் அவ்வளவுதான். பல பேட்டரி வண்டிகளில் பின்னோக்கிப் போகும் வசதி ஒன்று உண்டு. நிறுத்துமிடத்தில் வண்டியை நகர்த்துவதற்காக வைத்தது. அந்தப் பொத்தானை அழுத்தி, காலைத் தரையில் உரசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் பின்னால் வந்திருக்கிறார். யானை இரண்டு அடி முன்னால் வைத்து நின்றது. தொடரவில்லை. வளைவு மறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. காட்டுக்கு முன்னால் இருக்கும் டீக்கடை வரை பின்வாங்கி, அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் இல்லாததாலதான் மாட்டிக்கிட்டேன். சத்தம் இல்லாம பின்னால வந்ததாலதான் தப்பிச்சேன். என்னன்னு சொல்றது?" என்கிறார்.

இந்தச் சம்பவத்தைக் கேட்ட ஊர்க்காரர்களில் பாதிப் பேர் பெட்ரோல் வண்டிதான் பாதுகாப்பு என்றார்கள். சத்தம் கேட்டு யானை விலகிவிடும் என்பது அவர்கள் கட்சி. யானை காவல் காத்துப் பழகிய பெரியவர் ஒருவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாத வண்டியில் போகிறவருக்குக் காட்டின் சத்தம் கேட்கும், கிளை ஒடியும் சத்தம், சாணி வாடை எல்லாம் முன்கூட்டியே தெரியும், ஆனால் அதற்கு மெதுவாகப் போக வேண்டும் என்பது அவர் சொன்னது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 45 கிலோமீட்டர் வேகத்தில் காதோரம் காற்று இரையும்போது எதுவும் கேட்காது. 20-இல் போனால் கேட்கும். எந்த வண்டியானாலும் இருட்டில் தனியாக அந்தக் காட்டைக் கடப்பது சரியல்ல என்பதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது நவம்பர் முதல் ஜனவரி வரை இவர் நாலு மணிக்குக் கிளம்புவதில்லை. முதல் நாள் இரவே வனத்துறையின் எச்சரிக்கைச் செய்தியைப் பார்க்கிறார். யானை நடமாட்டம் இருந்தால் ஐந்தேகாலுக்கு வரும் பால் டெம்போவின் பின்னால், சற்று இடைவெளி விட்டு, காடு முடியும் வரை போகிறார். சந்தைக்குப் போய்ச் சேர ஆறு மணி ஆகிவிடுகிறது. ஓட்டல்காரர்கள் போயிருப்பார்கள். அந்த மூன்று மாதமும் கொண்டுபோகிற கீரையில் கால் பங்கு திரும்பி வந்து மாட்டுத் தொட்டிக்குத்தான் போகிறது. அதனால் இந்த ஆண்டு அந்தப் பருவத்தில் கீரைப் பாத்தியைக் குறைத்து, ஒரு நாள் தாமதமானாலும் வாடாத பீன்ஸைக் கூட்டியிருக்கிறார். வண்டிக்கும் யானைக்கும் தகுந்தபடி பயிர்த் திட்டம் மாறியிருக்கிறது.

முதலில் சொன்ன உயரக் கணக்குக்கு வரலாம். இவருடைய தம்பி கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் ஒட்டுக்கன்று நாற்றங்காலும் வைத்திருக்கிறார். பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தவர், வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிப் போனார். ஓசூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு, அங்கேயே முழுச் சார்ஜ் ஏற்றிக் கிளம்பினார். ஓசூரிலிருந்து சூளகிரி, மேலுமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். வீடு போய்ச் சேர்ந்தபோது மூன்றில் ஒரு பங்குதான் செலவாகியிருந்தது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. வாரக் கடைசியில் ஓசூரில் ஒருவருக்கு ஒட்டுக்கன்று கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளூரில் ஓட்டியதற்கு ஈடாகச் சார்ஜ் ஏற்றியிருந்ததால் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. 'வந்ததற்கு ஒரு பங்கு, போக ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு கையிருப்பு' என்று கிளம்பிவிட்டார்.

கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூர் 900-இல். வண்டி, ஆள், கன்றுப் பெட்டிகள் எல்லாம் சேர்த்து 250 கிலோ என்றால், அதை 400 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும். 400 மீட்டர் ஆழத்திலிருந்து 250 லிட்டர் தண்ணீர் இறைப்பதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகுமோ அவ்வளவு இதற்கும் ஆகும். கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று மேல், வீணாவதையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு யூனிட். சமதரையில் 10 கிலோமீட்டர் ஓட்டுகிற மின்சாரம் ஏற்றத்துக்கு மட்டுமே போய்விடுகிறது. இது போதாதென்று நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 60-க்கு மேல் ஓட்டியிருக்கிறார். 40-இல் போகும்போது இருக்கும் காற்றின் எதிர்ப்பு 60-இல் இரண்டு மடங்குக்கும் மேல். சூளகிரி வரும்போது திரையில் 15 சதவீதம் காட்டியது. ஓசூருக்கு இன்னும் பாதித் தூரம்.

சீட்டுக்கு அடியில் சார்ஜரை வைத்தே கொடுத்திருந்தார் அக்கா. சாலையோர ஓட்டலில் கேட்டு, இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றினார். ஓட்டல்காரர் காசு வாங்கவில்லை, இரண்டு வேளைக்கான சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டார் தம்பி. கன்றுகளுக்கு ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் வைத்ததால் வாடவில்லை.

இறங்கும்போது பிரேக் பிடித்தால் பேட்டரி கொஞ்சம் ஏறும் என்பதும் உண்மைதான். ஆனால் முழுச் சார்ஜோடு மேட்டிலிருந்து கிளம்பினால் ஏறுவதற்கு இடமில்லை. பல வண்டிகளில் அப்போது அந்தத் தானியங்கிப் பிடிப்பும் குறைந்துவிடும். வழக்கமாகக் கையை விட்டதும் மெதுவாகிற வண்டி, அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். மலை மேல் ஊர் உள்ளவர்கள் 90 சதவீதத்தில் சார்ஜை எடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பழுது நீக்குவதுதான் இந்த வண்டியின் பெரிய குறை. எக்ஸெல் நின்றுபோனால் உத்தனப்பள்ளி மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்து ஓட்டிவிடுவார். பேட்டரி வண்டி நின்றால் அவர் கைவைப்பதில்லை. போன மழைக்காலத்தில் இவருடைய வண்டியின் திரை இருண்டு, எதற்கும் அசையாமல் நின்றுவிட்டது. குட்டி யானையில்தான் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. (யானைக்குத் தப்பிய வண்டி கடைசியில் குட்டி யானையில் போகிறது என்று ஊரே சிரித்தது.) சர்வீஸ் சென்டரில் உதிரிப் பாகம் வர 11 நாள் ஆனது. அந்த 11 நாளும் பழையபடி டெம்போ, மூட்டைக்குக் காசு. வண்டி செய்யும் ஆலை கூப்பிடு தூரத்தில் இருந்தும் 11 நாள் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. விளம்பரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வாங்கும் முன் சர்வீஸ் சென்டர் வாசலில் அரை மணி நேரம் நின்று, அங்கே காத்திருப்பவர்களிடம் எத்தனை நாளாகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குவது மேல். வீட்டில் இருக்கும் பழைய எக்ஸெல்லை உடனே விற்றுவிடவும் வேண்டாம். இவருடைய கணவர் விற்றுவிட்டார்.

தம்பி இன்னும் வண்டி வாங்கவில்லை. நாற்றங்காலிலிருந்து கிருஷ்ணகிரி டவுனுக்கு 9 கிலோமீட்டர் சமதரை. அதற்கு மட்டும் என்றால் ஒத்து வரும். ஓசூருக்கு மாதம் இரண்டு முறைதான் போகிறார், அதற்கு எக்ஸெல் இருக்கிறது. அக்கா போனில் கேட்கும்போதெல்லாம், "இந்த வருச மாங்காய் முடியட்டும்க்கா, வெல எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு சொல்றேன்" என்கிறார்.